பிரான்சிசு டே (மீனியலாளர்)

இக்கட்டுரை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மீனியல் அறிஞரைப் பற்றியது. 1639இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் பெற்ற பிரான்சிசு டே வேறொருவர்.

பிரான்சிசு டே (மார்ச் 2, 1829 – சூலை 10, 1889) சென்னை மாகாணத்தில் படை மருத்துவராகப் பணியாற்றிய ஆங்கிலேயர் ஆவார். இந்திய மீன்களைப் பற்றிய முதல் பெருந்தொகுப்பை எழுதியவர் இவரே. இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளராகவும் இருந்தார். நீலகிரி மலையாறுகளில் டிரவுட் மீனைக் குடியேற்ற முதலில் முயன்றவர்களுள் இவரும் ஒருவர். அம்முயற்சி தோல்வியுற்றது. எனினும் அதையொட்டி இவர் மேற்கொண்ட ஆய்வுகள், தென்னிந்திய ஆறுகளில் ஏற்கனவே வாழ்ந்துவந்த மீன்களின் நிலையை அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தன.

இளமையும் மருத்துவப் பணியும்

டே இங்கிலாந்தின் சசெக்சு பகுதியிலுள்ள மாரெசுபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். சுரூசுபரி பள்ளியிலும், பின்னர் இலண்டன் புனித சார்சு மருத்துவமனையிலும் பயின்றார். 1851இல் அறுவை மருத்துவர் தகுதி பெற்று, 1852இல் சென்னைப் படையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். இரண்டாம் ஆங்கிலேய–பர்மியப் போரில் பணியாற்றிய பின் தென்னிந்தியாவில் பல இடங்களுக்கு மாற்றப்பட்டார்.

இவற்றுள் கொச்சியே இவரது வாழ்வைத் திசைதிருப்பிய ஊர். கடலும் காயலும் ஆறும் ஒன்றுகூடும் அவ்வூரில் மருத்துவ அலுவலராக இருந்தபோது, அங்காடிக்கு வரும் மீன்களைச் சேகரித்து வரையத் தொடங்கினார். கொச்சி நாட்டின் வரலாறு, மக்கள், இயற்கை ஆகியவற்றைப் பற்றி இவர் எழுதிய பெருமாள்களின் நாடு என்னும் பொருள்படும் ஆங்கில நூல் 1863இல் சென்னையில் அச்சாயிற்று. மலபார் மீன்களைப் பற்றிய நூல் 1865இல் இலண்டனில் வெளிவந்தது. இன்று வண்ணமீன் வளர்ப்போர் மிஸ் கேரளா என்று அழைக்கும் சிவப்புக் கோடுள்ள கெண்டையை 1865இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் டே. அப்போதைய சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரை அம்மீனுக்கு இட்டார்.

நீலகிரியும் டிரவுட் மீனும்

உதகமண்டலத்தில் கோடையைக் கழித்த ஆங்கிலேயர் தம் நாட்டு மரங்களையும் காய்கறிகளையும் பூச்செடிகளையும் அங்கே பயிரிட்டனர். அவர்களுக்குக் குறையாகத் தோன்றியவற்றுள் டிரவுட் மீனும் ஒன்று. நீலகிரி மேட்டுநிலத்தின் ஓடைகள் குளிர்ந்து தெளிந்து, கூழாங்கற்கள்மீது ஓடுபவை. பார்வைக்கு ஸ்காட்லாந்து ஓடைகளைப் போன்றவை. ஆனால் அவற்றில் இருந்தவை சிறுமீன்களே. சமவெளி ஆறுகளின் பெரிய மீன்கள் அருவிகளைத் தாண்டி மேலேற இயலாததும் இதற்கு ஒரு காரணம்.

டிரவுட் உணவுக்காக மட்டும் விரும்பப்பட்டதன்று. அது நீர்மேல் மிதக்கும் சிறு பூச்சிகளையும், நீருக்குள் எழும் பூச்சிகளையும் உண்பது. அப்பூச்சிகளைப் போன்ற பொய்ப்பூச்சியைக் கட்டி, அதைக் கொண்டு மீனைப் பிடிப்பது ஆங்கிலேயரிடையே பெரிய கலையாக வளர்ந்திருந்தது. அரிசி மணியைவிடச் சற்றே பெரிய தூண்டில் முள்ளின் தண்டில் மெழுகு தடவிய பட்டு நூலைச் சுற்றி, முயல் மயிர் போன்றவற்றை அந்நூலில் முறுக்கி உடலாக்குவர். கோழியின் கழுத்து இறகு ஒன்றைத் தண்டைச் சுற்றிச் சுருட்டினால் அதன் இழைகள் விரிந்து பூச்சியின் கால்களைப் போல் நிற்கும். பறவை இறகின் சிறு கீற்று சிறகாகும். இறுதியில் அதே நூலால் முடிச்சிட்டு அறுப்பர். நூல் தடித்தால் பூச்சியின் உருவம் கெடும். மெலிந்து அறுந்தால் வேலை முழுதும் கெடும். மெல்லியதாயினும் இழுப்புக்கு எளிதில் அறாது என்பதாலேயே பட்டைத் தேர்ந்தனர். ஆரணியிலும் காஞ்சிபுரத்திலும் பட்டு நெய்வோர் நன்கறிந்த இயல்புதான் இது.

குளிர்காலத்தில் டிரவுட் முட்டையிடுவதால் பிரித்தானிய ஆறுகளில் அப்போது அதைப் பிடிப்பதில்லை. ஆகவே அடுத்த பருவத்துக்கு வேண்டிய பொய்ப்பூச்சிகளை வீட்டில் விளக்கருகே அமர்ந்து கட்டிவைக்கும் காலம் அது. இதில் தமிழகத்துக்கு எதிர்பாராத ஒரு தொடர்பு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நீலகிரியிலும் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகுகளில் அரக்குத் துளி வைத்தாற்போல் வெண்மையும் மஞ்சளுமான பளபளப்பான புள்ளிகள் இருக்கும். பொய்ப்பூச்சி கட்டுவோர் இவ்விறகைப் பெரிதும் நாடியதால் காட்டுக்கோழித் தோல்கள் ஏராளமாக இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. 1902இல் இந்திய அரசு காட்டுப் பறவை இறகுகளின் ஏற்றுமதியைத் தடை செய்தது. டேயின் காலத்தில் அத்தடை இல்லை. தூண்டிலுக்கான இறகு நீலகிரிக் காட்டிலேயே கிடைத்தது. அத்தூண்டிலுக்குரிய மீன்தான் அங்கே இல்லை.

அக்குறையைப் போக்க 1863இலும் 1866இலும் முயற்சிகள் நடந்தன. டிரவுட் மீனை உயிருடன் கொண்டுவருவதைவிட அதன் முட்டைகளைக் கொண்டுவருவதே எளிது எனக் கருதப்பட்டது. ஆனால் காலமும் வெப்பமும் இதற்குத் தடையாக நின்றன. ஏறத்தாழ 10 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் டிரவுட் முட்டை சுமார் 6 கிழமைகளில் பொரித்துவிடும். நீர் உறைநிலையை நெருங்கக் குளிர்ந்தால் அது மாதக்கணக்கில் தாமதப்படும். வெப்பம் மிகுந்தால் கரு இறந்துவிடும். எனவே பயணம் முழுவதும் முட்டைகளைப் பனிக்கட்டியில் வைத்திருக்க வேண்டும். சூயசு கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் வர வேண்டும். அல்லது எகிப்தில் கப்பலிலிருந்து இறக்கி, நிலவழியே கடந்து, மீண்டும் கப்பலேற்ற வேண்டும். இந்தியக் கரையை அடைந்த பின்னரும் வெப்பமான சமவெளியைக் கடந்து மலையேற வேண்டும். அக்காலச் சென்னையில் பனிக்கட்டியே அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த அரும்பொருள் என்பதை, இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கடற்கரைப் பனிக்கட்டிக் கிடங்கு நினைவூட்டும்.

இதே காலத்தில் 1864இல் நார்போக் என்னும் கப்பல் சால்மன், டிரவுட் முட்டைகளைப் பாசியில் பொதிந்து பனிக்கட்டி அறையில் வைத்து, இங்கிலாந்திலிருந்து ஆத்திரேலியாவுக்கு ஏறத்தாழ 3 மாதங்களில் கொண்டு சேர்த்தது. அவற்றிலிருந்து டாசுமேனியாவில் சில நூறு டிரவுட் குஞ்சுகள் பொரித்தன. ஆகவே டேயின் எண்ணம் வீண்கனவு அன்று. ஆயினும் நீலகிரி முயற்சிகள் இரண்டும் தோற்றன. டிரவுட் அங்கே நிலைபெறவில்லை.

மலையில் இருந்த நாட்களை டே வீணாக்கவில்லை. நீலகிரி ஓடைகளிலும் மலையடிவாரத்துப் பவானி முதலிய ஆறுகளிலும் இருந்த மீன்களைச் சேகரித்து, 1867இல் இலண்டன் விலங்கியல் கழக இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். புதிய மீன் ஒன்றைக் கொண்டுவருவதற்குமுன் அங்கிருப்பவை எவை என்று கணக்கெடுத்தது அக்காலக் குடியேற்ற ஆர்வலர்களிடம் அரிதாகக் காணப்பட்ட ஒழுங்காகும். ஆங்கிலேயர் பலர் இந்தியச் சிறுகெண்டை வகைகள் சிலவற்றையே டிரவுட் என்று அழைத்துவந்தனர். அவை பொய்ப்பூச்சியைக் கவ்வும் என்பதைத் தவிர அப்பெயருக்கு வேறு பொருத்தம் இல்லை.

அணைகளும் வலைக்கண்களும்

1867 அளவில், காவிரி, கோதாவரிப் பாசனப் பணிகளால் புகழ்பெற்ற பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆற்றின் குறுக்கே கட்டப்படும் அணைகள் மீன்வளத்துக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும் என்று அரசின் கவனத்தை ஈர்த்தார். கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கீழணை எழுந்ததே காட்டனின் திட்டத்தால்தான் என்பதை எண்ணும்போது இது வியப்பளிக்கும் செய்தி. இதை ஆராயும் பொறுப்பு டேக்குக் கிடைத்தது.

உல்லம் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றில் எதிர்நீச்சலிட்டு மேலேறுவது. அணையால் வழி மறிக்கப்பட்ட மீன்கள் அதன் கீழே திரண்டு நின்றன. அங்கே வலைகளுக்கு எளிதில் இரையாயின. முட்டையிடாமலே பிடிபடும் மீனுக்கு அடுத்த தலைமுறை இல்லை. அணைகளில் மீன் ஏறிச் செல்ல வழி அமைக்க வேண்டும், அணையின் அருகே மீன்பிடித்தலைத் தடுக்க வேண்டும் என்று டே பரிந்துரைத்தார்.

பின்னர் ஒரிசா, வங்காளம், பர்மா, அந்தமான் ஆகிய பகுதிகளிலும் ஆய்வு செய்தார். 1871இல் இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளராக அமர்த்தப்பட்டு, 1877இல் ஓய்வு பெறும்வரை அப்பொறுப்பில் இருந்தார். 1873இல் நன்னீர் மீன்வளம் பற்றியும் கடல் மீன்வளம் பற்றியும் தனித்தனி அறிக்கைகளை வெளியிட்டார். நன்னீர் அறிக்கைக்காக மாவட்ட அலுவலர்களுக்கும் வட்டாட்சியர்களுக்கும் வினாக்களை அனுப்பி, அவர்களின் விடைகளைத் தொகுத்தார். எவ்வளவு சிறிய வலைக்கண் பயன்படுகிறது, குஞ்சுகள் வயல்களிலும் வாய்க்கால்களிலும் பிடிக்கப்படுகின்றனவா, நஞ்சிட்டுப் பிடிக்கும் வழக்கம் உண்டா என்பன போன்ற செய்திகள் இவ்வாறு திரட்டப்பட்டன. இன்று அவ்வறிக்கையைப் புரட்டுவோருக்கு மீனைப் பற்றியும் 1870களின் ஊர் வாழ்க்கையைப் பற்றியும் தகவல் கிடைக்கும்.

வலைக்கண்ணுக்குக் குறைந்தபட்ச அளவு விதித்தல், நஞ்சிடுதலைத் தடை செய்தல், குஞ்சுகளைப் பிடிப்பதைத் தடுத்தல் ஆகியவை இவரது முதன்மைப் பரிந்துரைகள். அரசு இவற்றை விரைந்து ஏற்கவில்லை. ஏழை மக்களின் உணவிலும் பிழைப்பிலும் கைவைப்பதாகும் என்ற எதிர்ப்பு அதிகாரிகளிடமிருந்தே எழுந்தது. அவ்வெதிர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை: வயல் நீரில் கிடைக்கும் சிறுமீனே பலருக்குக் கிடைத்த ஒரே மீன். ஆனால் அந்த ஏழைகளின் பிள்ளைகளுக்கு ஆற்றில் மீன் மிஞ்சுமா என்பதே டேயின் கேள்வி. வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கிய இந்திய மீன்வளச் சட்டம் 1897இல்தான், அதாவது டே இறந்து 8 ஆண்டுகளுக்குப் பின்னரே, வந்தது. காவிரியில் உல்லம் மீனின் வழியில் 1934இல் மேட்டூர் அணையும் எழுந்தது. அதன்பின் அவ்வாற்றில் உல்லம் மிகவும் அருகியது.

கடல் மீன் அறிக்கையில் டே வலியுறுத்தியது உப்பு வரி பற்றியது. வரி மிகுந்திருந்ததால் மீனவர்கள் போதிய உப்பின்றி மீனைக் காயவைத்தனர். சிலர் உப்புமண்ணைப் பயன்படுத்தினர். இவ்வாறு செய்த கருவாடு எளிதில் கெட்டு நோய்க்குக் காரணமாகும் என மருத்துவராகிய டே எச்சரித்தார். பின்னாளில் சென்னை மாகாணக் கடற்கரையில் குறைந்த விலையில் உப்பு வழங்கும் மீன் பதனிடும் களங்கள் அமைக்கப்பட்டன.

இந்திய மீன்கள் நூல்

டேயின் முதன்மை நூலான இந்திய மீன்கள், 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 1888இல் பின்னிணைப்பு வந்தது. பிரித்தானிய இந்திய விலங்குகள் என்னும் நூல்வரிசைக்காக இவர் எழுதிய 2 தொகுதிகள் 1889இல் வெளிவந்தன. அவற்றில் 1,400க்கும் மேற்பட்ட மீனினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. படங்கள் பலவற்றுக்கு டேயே மூல ஓவியங்கள் வரைந்தார். ஒவ்வொரு மீனுக்கும் தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி, வங்காளம் எனத் தாம் அறிந்த மொழிப்பெயர்களைத் தந்திருப்பது இந்நூலின் தனிச்சிறப்பு. ஆங்கில எழுத்தில் கேட்டபடி எழுதியதால் சில பெயர்களை இன்று அடையாளம் காண்பது கடினம். எனினும் தமிழ் மீன்பெயர்களைத் தொகுக்க விரும்புவோருக்கு இது பயன்மிக்க மூலம்.

இந்நூலில் குறைகளும் உண்டு. முன்னோடியான தாமசு செர்டான் முதலியோரின் பொருட்களைப் பயன்படுத்திய விதம் பற்றியும், மாதிரிகளின் அடையாளக் குறிப்புகள் தெளிவாக இல்லாதது பற்றியும் பிற்கால ஆய்வாளர்கள் குறை கூறியுள்ளனர். டேயின் மாதிரிகள் எந்தெந்த அருங்காட்சியகங்களில் உள்ளன என்பதை வைட்டுஹெட், தல்வார் ஆகிய இருவர் ஆராய்ந்து 1976இல் வெளியிட்ட ஆய்வு இக்குழப்பத்தைப் பெருமளவு தீர்த்தது.

குந்தருடன் பிணக்கு

பிரித்தானிய அருங்காட்சியகத்தின் விலங்கியல் துறைத் தலைவர் ஆல்பர்ட் குந்தர், உலக மீன்களை 8 தொகுதிகளில் பட்டியலிட்ட பேரறிஞர். அருங்காட்சியகப் புட்டிகளில் உள்ள மாதிரிகளைக் கொண்டு எழுதியவர் அவர். ஆற்றங்கரையிலும் அங்காடியிலும் மீனைக் கண்டு எழுதியவர் டே. ஒருவர் நிறுவிய இனங்களை மற்றவர் மறுப்பதும், பெயர்களைப் பற்றி வழக்காடுவதும் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. இதன் விளைவு ஆத்திரேலியாவுக்கு ஆதாயமாயிற்று. 1883இல் இலண்டனில் பன்னாட்டு மீன்வளக் கண்காட்சி நடந்தபோது, டே தம் இந்திய மீன் தொகுப்பின் பெரும்பகுதியைச் சிட்னியிலுள்ள ஆத்திரேலிய அருங்காட்சியகத்துக்கு விற்றார். கொல்கத்தா, லைடன், பெர்லின் ஆகிய நகரங்களின் அருங்காட்சியகங்களிலும் இவருடைய மாதிரிகள் உள்ளன. தமிழக ஆற்று மீன் ஒன்றின் மூல மாதிரியைக் காண இன்றும் சிட்னி வரை தேடிச் செல்ல நேர்வது இப்பிணக்கின் எச்சமே.

மீண்டும் டிரவுட்

ஓய்வுக்குப் பின் டே இங்கிலாந்தின் செல்டன்காமில் வாழ்ந்தார். பிரித்தானிய, அயர்லாந்து மீன்களைப் பற்றிய நூலை 1880–1884இல் வெளியிட்டார். நீலகிரியில் கைகூடாத டிரவுட் இப்போது ஆய்வுப் பொருளாகத் திரும்பி வந்தது. ஸ்காட்லாந்தின் ஹோவிடவுன் மீன் பண்ணையில், அதன் உரிமையாளர் சேம்சு மெயிட்லாந்துடன் சேர்ந்து, சால்மன், டிரவுட் மீன்களைக் கலந்து இனப்பெருக்கம் செய்யும் சோதனைகளை நடத்தினார்.

குந்தர் நிறத்தையும் எலும்பு, செதில் எண்ணிக்கைகளையும் கொண்டு பிரித்தானிய டிரவுட்டைப் பல இனங்களாகப் பிரித்திருந்தார். ஓர் ஏரியின் டிரவுட் முட்டையை வேறு நீரில் வளர்த்தால் அதன் நிறமும் தோற்றமும் அந்த நீருக்கேற்ப மாறுவதைக் கண்ட டே, இவை யாவும் ஒரே இனம் என்று 1887இல் வெளியான நூலில் வாதிட்டார். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் டேயின் கருத்தே பரவலாக ஏற்கப்பட்டது.

1885இல் இவருக்கு சி.ஐ.இ. பட்டம் வழங்கப்பட்டது. வயிற்றுப் புற்றுநோயால் 1889 சூலை 10 அன்று செல்டன்காமில் காலமானார்.

பின்னாளில் நீலகிரி

டிரவுட் நீலகிரிக்கு வந்தது டே இறந்த பின்னரே. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எச். சி. வில்சன் என்பவர், வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வானவில் டிரவுட்டைக் கொண்டுவந்து, 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். பிரித்தானியப் பழுப்பு டிரவுட்டைவிட இவ்வினம் சற்று வெப்பமான நீரையும் தாங்கும். இலங்கையின் நுவரெலியாவிலும், மூணாற்றிலும், காஷ்மீரிலும் டிரவுட் ஏறத்தாழ இதே தலைமுறையில் நிலைபெற்றது. கால்வாய் வழியும் விரைவான நீராவிக் கப்பல்களும் அப்போது இருந்தன. மலையடிவாரம் வரை இருப்புப்பாதையும் வந்துவிட்டது.

டேயின் நினைவாக டேயெல்லா, டேசயீனா என்னும் மீன் பேரினங்களும், தென்னிந்தியச் சிறுமீன் ஒன்றின் இனப்பெயரும் அமைந்துள்ளன.